கொடி படர்கிறது, காய் காணோம்: கொள்ளு கேள்விகள்

ஆனி மழையிலேயே கொள்ளு விதைத்தேன். கொடி முழங்கால் அளவுக்கு மண்டிக் கிடக்கிறது, பூவைக் காணோம். உரம் போதவில்லையா?

உரப் பையை ஓரமாக வையுங்கள். பகல் பொழுது குறையும்போதுதான் கொள்ளு பூக்கும். ஆனியில் பகல் நீளம், அதனால் அது பாட்டுக்கு இலையும் கொடியுமாக வளர்கிறது. இதற்கு மேல் யூரியா போட்டால் இன்னும் படரும், அவ்வளவுதான். நம் ஊரில் தானியத்துக்கு ஏற்ற விதைப்புப் பட்டம் புரட்டாசி, ஐப்பசி. பையூர் 1, பையூர் 2 ரகங்கள் அப்போது சுமார் மூன்றரை மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும். இப்போது நிற்பதை உழுது மடக்க வேண்டாம், மாட்டுக்கு அறுங்கள். ஒரு பொழுது வாடவிட்டு, சோளத்தட்டையோடு கலந்து போடுங்கள். பச்சையாக அதை மட்டும் வயிறு முட்டத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பக்கூடும்.

ஏக்கருக்கு எவ்வளவு விதை?

எட்டு கிலோ. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. ரைசோபியத்தை (வேர் முடிச்சில் தங்கித் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் உரம்) ஆறின கஞ்சியில் கரைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

வயலில் அங்கங்கே இலை மஞ்சளாகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்துக்கடைக்குப் போகுமுன் வயலில் குனிந்து பாருங்கள். பள்ளமான இடத்தில் மட்டும், செடி முழுக்க வெளுத்திருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வறட்சியைத் தாங்கும் கொள்ளு ஈரக்காலை மட்டும் தாங்காது, வடிகால் எடுங்கள். செடி ஒன்றைக் கிளறி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்துக்குக் குறையில்லை. மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால் அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வந்த செடியை எந்த மருந்தும் மீட்காது. ஆரம்பத்திலேயே பிடுங்கிப் புதைத்துவிட்டு, ஈயைக் கட்டுப்படுத்தப் பாருங்கள்.

கோழித் தீவனத்தில் பச்சைக் கொள்ளை அரைத்துச் சேர்க்கலாமா?

வேண்டாம். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது, சரி. ஆனால் அந்தப் புரதத்தைச் செரிக்கவிடாத ஒரு பொருளும் கூடவே இருக்கிறது. வேகவைத்தாலோ வறுத்தாலோ அது பெருமளவு குறையும். கொள்ளை ஊறவைத்து அவித்து மாட்டுக்கு வைத்த பாட்டிகளுக்குப் பொருளின் பெயர் தெரியாது, அடுப்பை மட்டும் மறக்கவில்லை.

கொள்ளு ரசம் குடித்தால் சிறுநீரகக் கல் கரையுமா?

நான் பயிர் பார்க்கிறவன், கல் பார்க்கிறவர் மருத்துவர். ஸ்கேன் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.