அது நட்பு இல்ல மிஸ்

அன்புள்ள அக்கா,

நான் எட்டாம் வகுப்பு ஆசிரியர். பசங்க தங்களோட பள்ளி வாழ்க்கையை அவங்களே போட்டோவும் கதையுமா சொல்லட்டும்னு ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சேன். தலைப்பு 'என் இனிய பள்ளி'. நாலு போன், ஒரு வாரம், 400 படத்துக்கு மேல வந்துச்சு. பாதிக்கு மேல ஆட்டம், இருட்டு, வெறும் ஷூ, சுவர், ஃபேன். நல்லதா 20 எடுத்து, மொழிப்பாட டீச்சர்கிட்ட குடுத்து ஒவ்வொண்ணுக்கும் அழகா ரெண்டு வரி எழுதி வாங்கியிருக்கேன். ஆண்டு விழாவுல வைக்கப் போறோம். போனே போதுமா, இல்ல நல்ல கேமரா வாங்கச் சொல்லணுமா? ரெண்டு பொண்ணுங்க எங்களை யாரும் படம் எடுக்கக் கூடாதுங்கறாங்க, எப்படி சம்மதிக்க வைக்கிறது?

இப்படிக்கு,
ஒரு ஆசிரியர்

அன்புள்ள தம்பி,

போன் போதும். அந்த ரெண்டு பொண்ணுங்களை விட்டுடுங்க. கேட்கலாம், வேண்டாம்னு சொன்னா அதோட முடிஞ்சது, சம்மதிக்க 'வைக்கிற' வேலையே கூடாது. வேணும்னா போனை அவங்க கையில குடுங்க, முகமே இல்லாம ஆயிரம் விஷயம் எடுக்கலாம்.

ஆனா அந்த 'அழகா ரெண்டு வரி'யைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. ஏன்னா அதே தப்பை நானும் செஞ்சிருக்கேன், கொஞ்ச நாளாவே அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், உங்க கடிதம் சரியா அங்கேயே வந்து விழுந்திருக்கு.

பல வருஷம் முன்னாடி ஒரு பள்ளிக்கூடத்துல இதே மாதிரி ஒண்ணு நடத்தினேன். ஒரு பொண்ணு எடுத்த படத்துல ஒரு கதவோட அடிப்பாகம், அதை அழுத்திக்கிட்டு ஒரு ஷூ போட்ட கால், அவ்வளவுதான். வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்து பார்க்க ரொம்ப நல்லா இருந்துச்சு. யாரோ ஃப்ரெண்டு ஒளிஞ்சு விளையாடுறான்னு நானே முடிவு பண்ணி, கீழ 'நட்பு'ன்னு எழுதி மாட்டிட்டேன். வந்தவங்க எல்லாம் அதுக்கு முன்னாடி நின்னு பாராட்டிட்டுப் போனாங்க. சாயங்காலம் படங்களைக் கழட்டும்போது அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து மெதுவா சொன்னா, "அது நட்பு இல்ல மிஸ், தாழ்ப்பாள்."

பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்லையாம். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளியில நின்னு கதவைக் காலால அழுத்திப் பிடிச்சுக்கணும். துணைக்கு ஆள் வராத நாள்ல தண்ணியே குடிக்க மாட்டாங்களாம். ரெண்டு நாள் முழுக்க அந்தப் படம் சுவத்துல தொங்கிச்சு தம்பி, அத்தனை பெரியவங்க பார்த்தாங்க, ஒருத்தருக்கும் விஷயம் போய்ச் சேரல, ஏன்னா நான் என் வார்த்தையை வச்சு அதை மூடிட்டேன். அப்புறம் ஆபீஸ்ல போய்ச் சொன்னேன், பார்க்கிறோம்னாங்க. நான் மறுபடி அந்தப் பக்கம் போகல. தாழ்ப்பாள் போட்டாங்களா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

1973-ல பெரு நாட்டு லிமாவுல எழுத்தறிவு இயக்கம் நடந்தப்ப, பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலும் அதுல இருந்தார். கேமராவைக் கையில குடுத்து, ஒரு கேள்வி கேட்டு, பதிலைப் படமா எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க. 'சுரண்டல்னா என்ன?'ன்னு கேட்டதுக்கு ஒரு பையன் சுவத்துல அடிச்சிருந்த ஆணியைப் படம் எடுத்துட்டு வந்தான். பெரியவங்கள்ல ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் புரிஞ்சுது, மத்த பசங்க எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. ஷூ பாலிஷ் போடுற பசங்க தூரத்துல இருந்து வர்றவங்க, பெட்டியைத் தினம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது, அதனால ராத்திரி பெட்டியை மாட்டி வைக்க கடைக்காரர்கிட்ட ஆணியை வாடகைக்கு எடுக்கணும். அந்தப் பையன்கிட்ட கேட்காம அந்தப் படத்துக்கு உங்க மொழிப்பாட டீச்சர் என்ன எழுதியிருப்பாங்க? 'உறுதி'ன்னு எழுதியிருப்பாங்க. நானும் அப்படி ஏதாவதுதான் எழுதியிருப்பேன்.

வெண்டி இவால்ட்னு ஒரு அமெரிக்கப் போட்டோகிராபர், 1970கள்ல கென்டக்கி மலைப்பகுதிப் பள்ளிக்கூடப் பசங்க கையில கேமராவைக் குடுத்து, படம் கழுவிப் பிரிண்ட் போடுறது வரைக்கும் கத்துக்குடுத்தவங்க. தன்னைப் பத்தி, குடும்பத்தைப் பத்தி, கனவைப் பத்தி எடுக்கச் சொன்னாங்க, பசங்க பேசினதையும் படத்தோடவே சேர்த்து வச்சாங்க. நீங்க என்ன பண்ணீங்க? 'என் இனிய பள்ளி'ன்னு பதிலையே தலைப்பா குடுத்திருக்கீங்க. பள்ளி இனிமையா இல்லாத பையன் எதை எடுப்பான்? ஃபேனைத்தான் எடுப்பான். இதுல எனக்கு நிஜமாவே கோபம் தம்பி. நல்ல மனசோடதான் செஞ்சிருக்கீங்க, தெரியுது, அதனாலதான் கோபம் இன்னும் ஜாஸ்தியா வருது.

இதுக்கு வழி புதுசா கண்டுபிடிக்க வேண்டாம். 1990கள்ல கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ்னு ரெண்டு பேர் சீனாவோட யுன்னான் மாகாணத்துல கிராமத்துப் பெண்கள்கிட்ட கேமரா குடுத்து வேலை செஞ்சாங்க, அந்த முறைக்கு 'போட்டோவாய்ஸ்'னு பேர். படத்தை நடுவுல வச்சுக்கிட்டு கேட்கிற கேள்விகள் ரொம்ப சாதாரணம். இதுல என்ன தெரியுது, உண்மையில என்ன நடக்குது, இதுக்கும் நம்ம வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம், ஏன் இப்படி இருக்கு, என்ன செய்யலாம். எடுத்த பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு மெதுவா கேளுங்க. அது சொல்றதை அப்படியே எழுதுங்க, இல்ல அதுவே எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தா இருக்கட்டும், தயவுசெஞ்சு திருத்தாதீங்க. சொல்லி முடிச்சதும் 'இதை சுவத்துல மாட்டலாமா?'ன்னு தனியா ஒரு தடவை கேளுங்க. சில பிள்ளைங்க உங்ககிட்ட சொல்லும், ஊருக்குச் சொல்ல விரும்பாது. யாரோட கஷ்டமாவது வெளியில தெரிஞ்சா அடி விழும், கிண்டல் பண்ணுவாங்கன்னா அந்தப் படம் உங்களோடயே இருக்கட்டும், நடக்க வேண்டிய வேலையை நீங்க சத்தமில்லாம போய்ப் பாருங்க.

ஆண்டு விழா தள்ளிப்போனா போகட்டும். டீச்சர் எழுதின வரிகளை எடுத்துடுங்க, அவங்க வருத்தப்படுவாங்க, என் பேரைச் சொல்லுங்க.

வேண்டாம்னு ஒதுக்கின படங்களை இன்னும் அழிக்கலையே? அழிச்சிருந்தாலும் போன்ல கொஞ்ச நாள் குப்பையிலதான் கிடக்கும், இன்னிக்கே திருப்பி எடுத்துடுங்க. 'வெறும் ஷூ'ன்னு எழுதியிருந்தீங்களே, அதை எடுத்தது யாருன்னு முதல்ல கேளுங்க. கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா