மொரிஷியஸில் சுகாதார ஆராய்ச்சி ஏழை மக்களுக்கு உண்மையில் பயன்பட்டிருக்கிறதா?

பயன்பட்டிருக்கிறது. சமையல் எண்ணெய்தான் அதற்கு நல்ல சாட்சி.

1987இல் இங்கே நடந்த பெரிய கணக்கெடுப்பு, நீரிழிவும் இதய நோயும் எந்த அளவுக்குப் பரவியிருக்கின்றன என்று காட்டியது. அப்போது சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய மலிவு விலை எண்ணெயில் பெரும்பங்கு பாமாயில், அதாவது கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992இல் மறுபடி அளந்தபோது, சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. இவ்வளவு பெரிய இறக்கம் ஒரு நாட்டின் மொத்த மக்களிடமும் வருவது அபூர்வம்.

சமத்துவம் இதில் எங்கே வருகிறது? ரோஸ் ஹில் தெருமுனையில் கத்தோ பிமான் பொரிப்பவரின் வாணலியை நினைத்துப் பாருங்கள். பட்டாணிப் பருப்பும் மிளகாயும் அரைத்து உருட்டிப் போடும் நம்ம வடைதான் அது. காலையில் ரொட்டிக்குள் வைத்து அதைச் சாப்பிடும் கூலித் தொழிலாளிக்கு எண்ணெய்ச் சீசாவின் லேபிளைப் படிக்க நேரம் ஏது? அவர் எதுவும் செய்யாமலே வாணலியில் இருப்பது மாறியது. "உடற்பயிற்சி செய்யுங்கள், கீரை சாப்பிடுங்கள்" என்ற அறிவுரை, நேரமும் காசும் உள்ளவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேரும்.

சரி, எல்லாம் தீர்ந்ததா? இல்லை. அதே ஐந்து ஆண்டுகளில் உடல் பருமன் கூடியது, நீரிழிவும் குறையவில்லை. 2013இல் குளிர்பானங்களின் சர்க்கரைக்கு வரி வந்தது. என்னைக் கேட்டால், வரி மட்டும் போதாது. அந்தப் பணம் காய்கறி விலையைக் குறைக்கவும் போக வேண்டும்.