தீக்குச்சியும் பேட்டரியும் ஒரே டப்பாவில் போகலாமா?

கேள்வி: மலையேற்றத்துக்கும் கயாக் ஓட்டவும் அடிக்கடி போகிறேன். தீக்குச்சி, பஞ்சு, ஹெட்லேம்ப்புக்கு மாற்று பேட்டரி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். ரப்பர் வளையத்துடன் திருகு மூடி போட்ட அலுமினியக் குழாய் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது போதுமா? தண்ணீர் புகாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குழாயை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ‘எல்லாம் ஒரே டப்பாவில்’ என்பதைக் கைவிட்டுவிடுங்கள். தீக்குச்சியைக் கெடுப்பது ஈரம். பேட்டரிக்கு ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து, அதன் இரு முனைகளையும் ஏதாவது ஒரு உலோகம் சேர்த்துத் தொட்டுவிடுவது. ஒன்றுக்குப் பாதுகாப்பான அலுமினியக் குழாய் இன்னொன்றுக்கு ஆபத்தாகிவிடும்.

குழாய்க்குள் இரண்டு டபுள் ஏ பேட்டரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மூடியைத் திருகுகிறீர்கள் என்று வையுங்கள். மேல் பேட்டரியின் நேர்முனை மூடியைத் தொடும், கீழ் பேட்டரியின் எதிர்முனை அடித்தட்டைத் தொடும். மூடியையும் அடித்தட்டையும் இணைப்பது உலோக உடம்பு. சுற்று முழுமையாகிவிட்டது. அலுமினியத்தின் மேல் இருக்கும் நிறப்பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் திருகுப் புரியிலும் அடிப்பகுதியிலும் அது தேய்ந்துவிடும். சாதாரண ஆல்கலைன் பேட்டரி என்றால் சூடேறிக் கசியும். சிஆர்123ஏ போன்ற லித்தியம் பேட்டரி என்றால் தீயே பிடிக்கலாம், அதுவும் பக்கத்தில் பஞ்சு இருக்கும்போது. 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு முனைகளும் ஒரே பக்கம் இருப்பதால், மெல்லிய எஃகு நாரை அதன்மேல் தேய்த்தே தீ மூட்டுகிறார்கள். அந்த இரண்டையும் ஒன்றாக அடைத்து வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே பேட்டரிக்குத் தனியாகப் பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழி இருக்க வேண்டும், உள்ளே உருளக் கூடாது. ஜிப் பையில் போட்டு மூடினால் மழைக்கும் ஆறு, ஏரி போன்ற உப்பில்லாத தண்ணீரில் நனைவதற்கும் பெரும்பாலும் அதுவே போதும். நனைந்தாலும் உடனே துடைத்துக் காயவைத்தால் ஆல்கலைன் பேட்டரி பிழைத்துக்கொள்ளும். கடல் கதை வேறு. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், முனைகளை அரிக்கும். கடலில் கயாக் ஓட்டுகிறவர் பேட்டரிக்கும் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் பெட்டிதான் எடுக்க வேண்டும். எதுவானாலும், தீர்ந்துபோன பேட்டரியைப் புதியவை இருக்கும் பெட்டிக்குள் திரும்பப் போடாதீர்கள். கசிவது பெரும்பாலும் தீர்ந்ததுதான். அதோடு, இருட்டில் எது புதிது எது பழையது என்று தடவிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

பல ஆண்டு அவசரப் பையிலேயே கிடக்கப்போகிற பேட்டரி என்றால், மீண்டும் சார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் டபுள் ஏ வாங்கலாம். விலை கூடுதல்; ஆனால் எடை குறைவு, உறைபனிக் குளிரிலும் வேலை செய்யும், கசிவும் அரிது.

இனி அந்த அலுமினியக் குழாய்க்கு வருவோம். அதில் எதை வைப்பது? எனக்குக் கேட்டால், தண்ணீர் புகாத டப்பாவை உண்மையிலேயே கேட்கிற பொருள்கள் மிகக் கொஞ்சம். பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய பஞ்சு தானே தண்ணீரை விலக்கும். அது வெயிலில் உருகி மற்றதன்மேல் ஒட்டும் என்பதால் தனி ஜிப் பையில் இருப்பதே நல்லது. ஃபெர்ரோ ராட் (சுரண்டினால் தீப்பொறி பறக்கும் உலோகக் குச்சி) நனைந்தால் துடைத்துவிட்டுப் பொறி பறக்க வைக்கலாம். ஈரத்திலேயே மாதக்கணக்கில் விட்டால்தான் அரிக்கும். கேஸ் லைட்டர் நனைந்தால் ஊதி உலர்த்தி, சக்கரத்தைச் சில தடவை உருட்டினால் பொறி வந்துவிடும். மிஞ்சுவது தீக்குச்சியும், அதை உரசும் பட்டையும், எண்ணெய் படாத உலர்ந்த பஞ்சும்தான். கட்டைவிரல் பருமன் குழாய் போதும்.

அந்தப் பட்டையை மறந்துவிட்டுக் குச்சியை மட்டும் நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சேஃப்டி தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். அதோடு சேர்ந்து பற்றவைக்கும் சிவப்பு பாஸ்பரஸ் பட்டையில்தான் இருக்கிறது. பட்டை இல்லாமல் அந்தக் குச்சி கிட்டத்தட்ட வெறும் மரத்துண்டு. அதே காரணத்தால் பட்டையின் மருந்துப் பக்கம் குச்சித் தலைகளில் உரசும்படி வைக்கவும் கூடாது. ஒரு சின்ன ஜிப் பையில் மடித்துப் போட்டு, குச்சிகளின் வால் பக்கம் செருகிவிடுங்கள். மிச்ச இடத்தில் பஞ்சை அடைத்தால் குலுங்காது. எங்கே உரசினாலும் எரிகிற வகைக் குச்சி என்றால் இந்த அடைப்பு கட்டாயம்.

மூடும்போது உள்ளே சிக்குகிற காற்றின் ஈரத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் அது ஒன்றுமில்லை. 50 மில்லி டப்பாவில், 30 டிகிரி செல்சியஸில், முழு ஈரப்பதமுள்ள காற்றுகூட ஏறக்குறைய 1.5 மில்லிகிராம் தண்ணீரைத்தான் வைத்திருக்கும். ஒரு சொட்டில் சிறு பங்கு. பஞ்சோ, மழைக்காலத்தில் தன் எடையில் 7, 8 சதவீதமோ அதற்கு மேலோ ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். 2 கிராம் பஞ்சில் அது 150 மில்லிகிராமைத் தாண்டும். அதனால் உலர்த்த வேண்டியது பஞ்சையும் குச்சியையும்தான். நல்ல வெயில் நாளில் பரப்பிக் காயவைத்து, சூடு ஆறியதும் அடையுங்கள். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்பாதீர்கள். வீட்டில் திறந்தபடி கிடந்தபோதே அது குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருக்கும்.

தண்ணீர் புகுமா என்ற கேள்விக்கு விடை சுவரில் இல்லை, மூடியில் இருக்கிறது. பெட்டியில் தண்ணீர் தாங்கும் தரக்குறியீடாக ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்4 வெறும் தெறிப்புக்கு. ஐபிஎக்ஸ்8 என்றால் ஐபிஎக்ஸ்7-ஐவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். இவை எல்லாமே புதுப் பெட்டியைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்த முடிவுகள். ஓர் ஆண்டு மணலும் வியர்வையும் பட்டபின் என்ன ஆகும் என்று அவை சொல்வதில்லை.

வெப்பநிலை செய்யும் வேலையும் அதில் வராது. வெயிலில் 40 டிகிரியில் கிடந்த டப்பா 15 டிகிரி ஓடையில் விழுந்தால், உள்ளே காற்று குளிர்ந்து அழுத்தம் சுமார் 8 சதவீதம் குறையும். அது 80 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது மிதந்துகொண்டிருக்கும் டப்பாவே முக்கால் மீட்டர் ஆழத்தில் அமுக்கியதுபோல் தண்ணீரை உள்ளே இழுக்கப் பார்க்கும். வீட்டில் சோதிக்கும்போது இதையே பயன்படுத்துங்கள். காலி டப்பாவுக்குள் காய்ந்த டிஷ்யூ தாளும் கனத்துக்கு ஏதாவதும் போட்டு மூடி, குளிக்கிற சூட்டிலுள்ள வெந்நீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடம்தான் கசியும் இடம். குமிழி இல்லையென்றால், சூடேறட்டும் என்று சில நிமிடம் விட்டு, நேராக ஐஸ் தண்ணீருக்கு மாற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். திறப்பதற்கு முன் மூடியின் இடுக்கைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்துத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் புரியில் நின்ற தண்ணீர் உள்ளே வழிந்து, நல்ல டப்பாவையும் ஓட்டை என்று நினைத்துவிடுவீர்கள்.

கசிந்தால் முதலில் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல்துகள் போதும். சப்பையாகிப்போன வளையத்தை மாற்றியே ஆக வேண்டும். இன்னும் இறுக்கித் திருகினால் மேலும் நசுங்கும், அவ்வளவுதான். கையில் இருக்கிறதே என்று பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவவும் வேண்டாம். நைட்ரைல் ரப்பர் அதைத் தாங்கும்; ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரும் இயற்கை ரப்பரும் உப்பிக் கெடும். சிலிக்கோன் கிரீஸ் பெரும்பாலான ரப்பர்களுக்கு ஒத்துவரும், சிலிக்கோன் வளையத்துக்கு மட்டும் ஆகாது. எந்த ரப்பர் என்று தெரியாவிட்டால் எதையும் பூசாமல் விடுவதே மேல்.

பிளாஸ்டிக் பெட்டிக்கு இன்னொரு எதிரி, டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டி. பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளை அது அரித்து விரிசல் விடவைக்கும். இரண்டையும் ஒரே பையறையில் வைக்காதீர்கள். நிறத்தில் ஆரஞ்சு எடுங்கள், கறுப்பு வேண்டாம். குச்சி நிரப்பிய குழாய் மிதக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூடியில் ஆழமான வரிகள் இருக்க வேண்டும். கடைக்குள் எளிதாகத் திறப்பது, விரல் விறைத்த குளிரில் வழுக்கும்.

விமானத்தில் போவதானால் இந்தப் பொருள்கள் எப்படியும் பிரிந்தே போக வேண்டும். மாற்று லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வரலாம், முனைகள் மூடியிருக்க வேண்டும். எங்கும் உரசி எரியும் குச்சிக்கு அனுமதியே இல்லை. சேஃப்டி தீப்பெட்டி சின்னதாக ஒன்றை உடம்போடு வைத்துக்கொள்ள சர்வதேச விதி இடம் தருகிறது. சில நாடுகள் அதையும் விடுவதில்லை. குழாயைக் காலியாக எடுத்துப் போய், இறங்கிய இடத்தில் குச்சி வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.