மஜ்ஜை செல்லுக்கு யார் வழி சொல்வது? (கேள்வி பதில்)

கேள்வி: கண்ணிலும் கல்லீரலிலும் ஒரே டிஎன்ஏதான் என்றால் கல்லீரலில் ஏன் கண் முளைப்பதில்லை?

பதில்: இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. கல்லீரல் செல்லில் அல்புமின் மரபணு ஓய்வில்லாமல் ஓடும். கண் லென்சுக்கான மரபணுக்கள் இறுகச் சுருண்டு கிடக்கும், படிக்க வரும் புரதத்துக்கு நுழையவே இடமிருக்காது.

கேள்வி: சார், எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் (எல்லா ரத்த அணுக்களுக்கும் தாய்ச் செல்) சிவப்பணு ஆவதா வெள்ளையணு ஆவதா என்று யார் தீர்மானிப்பது?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். காட்டா-1, பியு-1 என்று இரண்டு புரதங்கள். இரண்டுமே டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து தன் கட்சி மரபணுக்களைக் கிளப்பிவிடும், தன்னுடைய மரபணுவையும் சேர்த்து. அது போதாதென்று எதிராளியை வேலை செய்யவிடாமல் பிடித்தும் வைக்கும். காட்டா-1 கை ஓங்கினால் சிவப்பணு, தட்டணு பக்கம். பியு-1 ஓங்கினால் மோனோசைட், நியூட்ரோபில் என்கிற வெள்ளையணுக்கள் பக்கம். தற்செயலாக எது முந்துகிறதோ அதுவே முடிவு என்று நானும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். 2016இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் செல் செல்லாகப் படம்பிடித்துப் பார்த்தபோது முடிவு அந்தப் போட்டியில் தொடங்குவதாகத் தெரியவில்லை. எடுத்த முடிவைப் பூட்டிவைப்பதுதான் இவற்றின் வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

கேள்வி: அப்போ கிட்னி பேஷன்ட்டுக்குப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி?

பதில்: அது சிவப்பணுவைக் கூட்டும் ஹார்மோன், ஆனால் வழியைத் தீர்மானிப்பதில்லை. முக்கியமாக, ஏற்கெனவே சிவப்பணு வழியில் இறங்கிவிட்ட செல்களைச் சாகாமல் பெருக வைக்கும். அவ்வளவுதான்.

கேள்வி: பூட்டினால் திறக்கவே முடியாதா அண்ணா?

பதில்: முடியும். ஜப்பானின் கியோட்டோவில் யமனாகா என்ற விஞ்ஞானி செல்லுக்குள் மரபணுக்களைச் செலுத்திப் பார்த்தார்; 24 மரபணுக்களில் ஆரம்பித்து நாலில் வந்து நின்றார், 2006இல் எலியின் தோல் செல் ஸ்டெம் செல் போல ஆனது. ஆனால் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை, அந்த நாலில் ஒன்று புற்றுநோயோடு சம்பந்தப்பட்டது வேறு.

கேள்வி: என் அக்கா மகனுக்கு பீட்டா தலசீமியா. மரபணு சிகிச்சை வந்திருக்கிறதாமே?

பதில்: காஸ்கெவி என்ற சிகிச்சையைச் சொல்கிறீர்கள். பீட்டா தலசீமியாவில் பிறந்தபின் வேண்டிய ஹீமோகுளோபின் சரியாக உருவாவதில்லை. அதற்கு ஈடாக, கருவில் இருந்த ஹீமோகுளோபினைத் திரும்ப ஓடவிடுவதுதான் இதன் வழி. வயிற்றுக்குள் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபின் மரபணுவைப் பிறந்தபின் அடக்குவது பிசிஎல்11ஏ என்ற புரதம். அதன் மரபணுவை இதில் அழிப்பதில்லை, சிவப்பணு வழியில் மட்டும் அதை முடுக்கிவிடுகிற ஒரு சின்ன டிஎன்ஏ துண்டை வெட்டுகிறார்கள். வெட்டு விழுவது எங்கே தெரியுமா, மேலே சொன்ன அதே காட்டா-1 வந்து உட்காரும் இடத்தில்! அதனால் மற்ற செல்களில் பிசிஎல்11ஏ வழக்கம்போல ஓடும். பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதித்தது, 12 வயதிலிருந்து. ஆனால் திருத்திய ஸ்டெம் செல்களுக்கு இடம் கொடுக்க முதலில் பஸல்ஃபான் என்ற கீமோ மருந்து கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும், லேசான காரியமில்லை. பையனுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் மஜ்ஜை மாற்றத்துக்கு முதலில் எச்எல்ஏ பொருத்தம் (திசுப் பொருத்தம்) பார்த்துவிடுங்கள்.