இள வயதில் மைட்ரல் வால்வு சுருக்கம்: பலூன் வைக்கலாமா, நேராக ஆபரேஷனுக்கே போகலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது, பெண், மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு, அதாவது இருதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு, சுருங்கிவிட்டதாம். பலூன் வைத்து விரிக்கலாம், ஆனால் அது தற்காலிகம்தான் என்கிறார் டாக்டர். "அப்புறம் எதுக்கு ரெண்டு வேலை? வால்வையே மாத்திட்டா ஒரேயடியா முடிஞ்சுடும்" என்கிறார்கள் வீட்டில். எது சரி?

பதில்:

11 வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் அலைந்தேன். அப்போது எனக்கு 25. பலூன் செய்துகொண்டேன். இப்போது 36 ஆகிறது, வால்வு மறுபடியும் சுருங்கிவிட்டது, அடுத்த மாதம் சர்ஜனைப் பார்க்கப் போகிறேன். ஆக, உங்கள் வீட்டில் சொல்வது என் விஷயத்தில் பலித்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு எடுத்த முடிவை இன்றைக்கும் மாற்ற மாட்டேன். நான் டாக்டர் இல்லை, செந்தூலில் குடியிருக்கும் கணக்குக் கிளார்க். பட்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டம். 11 வயதில் தொண்டை வலி வந்து போனது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், ஒரு பக்க முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. "வளர்ற புள்ளைக்கு இப்படித்தான் இழுக்கும்" என்று பாட்டி தைலம் தேய்த்தார். வீக்கம் தானாக வடிந்தது, எல்லாரும் மறந்துபோனோம். தொண்டைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் இருதய வால்வையும் சேர்த்தே தாக்கியிருக்கிறது, அதுதான் ருமாட்டிக் காய்ச்சல் என்பது 13 வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

தெரிய வைத்தது பத்துமலை. 272 படி. அதற்கு முந்தைய தைப்பூசங்களில் பால்குடத்தோடு ஒரே மூச்சில் ஏறியவள், அந்த வருடம் வெறுங்கையோடு ஏறி நாலு இடத்தில் நின்றேன். "என்னம்மா, நைட்டு தூங்கலையா?" என்று தோழியின் அம்மா கேட்டார். தூங்கவில்லைதான், படுத்தால் இருமல். பக்கத்து கிளினிக்கில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், எட்டு மாதம் இழுத்தேன். தலையணை ஒன்று இரண்டாகி மூன்றானது. ஒருநாள் ராத்திரி சளியில் ரத்தம் வந்த பிறகுதான் எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுத்தார்கள். வால்வின் திறப்பு 0.9 சதுர சென்டிமீட்டர். நல்ல வால்வு 4 முதல் 6 வரை திறக்குமாம், 1.5-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம் என்று கணக்கு.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் இந்த வாரமே வால்வை மாற்ற வேண்டும், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். பலூன் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் சும்மா ஒட்டுப் போடற வேலை" என்று பேச்சை முடித்துவிட்டார் அந்த டாக்டர். அண்ணன் காரை விற்கக் கிளம்பிவிட்டார், அம்மா வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார். அப்போது அங்கிருந்த தாதி ஒருவர் காகிதம் நீட்டுவது போல் குனிந்து, "இன்னொரு எடத்துல காட்டிட்டு முடிவு பண்ணுங்க தங்கச்சி" என்றார். அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இரண்டாவது இடத்தில்தான் ஒரு விஷயம் புரிந்தது. பலூனா ஆபரேஷனா என்பதை முதலில் முடிவு செய்வது நாமும் இல்லை, நம் வீட்டாரும் இல்லை. அந்த வால்வுதான். நாலு விஷயத்தைப் பார்க்கிறார்கள்: வால்வின் இதழ்கள் எவ்வளவு அசைகின்றன, எவ்வளவு தடித்திருக்கின்றன, சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது, கீழே அதைத் தாங்கும் நரம்பு போன்ற இழைகள் எவ்வளவு கெட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மார்க். நம் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், இங்கே மார்க் குறைந்தால்தான் நல்லது. மொத்தம் 16-க்கு 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலூனுக்கு ஏற்ற வால்வு. எனக்கு 7. அப்புறம் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு எக்கோ எடுத்து, இடது மேலறையில் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கட்டி இருக்கும்போது பலூனை விட்டால் அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போகலாம். கடைசியாகக் கசிவு, அதாவது வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் திரும்புவது. வால்வு ஏற்கெனவே நடுத்தரமாகவோ அதற்கு மேலோ கசிந்தால், பலூன் அந்தக் கசிவை இன்னும் கூட்டிவிடலாம். எனக்குக் கட்டி இல்லை, கசிவு லேசானது.

உங்கள் ரிப்போர்ட்டில் மார்க், கட்டி, கசிவு என்ற இந்த மூன்றும் என்ன சொல்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் இங்கே யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், நான் உட்பட.

பலூன் நாளைப் பற்றிச் சொல்கிறேன், பயந்துதான் இருப்பீர்கள். மயக்கம் கொடுக்கவில்லை, தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி. அந்த அறை ஐஸ் பெட்டி போல் குளிர்ந்தது. முந்தின நாள் என் உயரத்தைக் கேட்டிருந்தார்கள், எதற்கென்று விளங்கவில்லை. உயரத்தைப் பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டினால் பலூனின் அளவு வருமாம். நான் 158, அதை 160 என்று எடுத்துக்கொண்டால் 26 மில்லிமீட்டர். தொடை ரத்தக்குழாய் வழியாக ஏறி, இருதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில் சின்னதாகத் துளை போட்டு, இடது பக்கம் போய் வால்வுக்குள் நுழைகிறது. பலூனின் முன்பாதி முதலில் உப்பும், அதை இழுத்து வால்வில் மாட்டுவார்கள், பிறகு பின்பாதி உப்பும். அந்த நொடியில் திரையில் தெரிந்தது அச்சு அசல் உடுக்கை. அந்த இடுப்பில்தான் என் வால்வு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் இடுப்பு சட்டென்று மறைந்து பலூன் நேராகியது. எனக்குக் கண் இருட்டி, ஓரிரு துடிப்பு தவறியது போல் இருந்தது. சில நொடிதான், உடனே காற்றிறங்கிவிட்டது. உண்மையில் உள்ளே இருந்தது காற்று இல்லை, எக்ஸ்ரேயில் தெரிகிற திரவம். இந்த வழியை 1982-இல் முதலில் செய்தவர் கான்ஜி இனோவே என்ற ஜப்பானிய இருதய சர்ஜன். நெஞ்சைத் திறப்பதே தொழிலாக இருந்த ஒருவர், திறக்காமல் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

0.9 என்பது 1.8 ஆனது. புது வால்வுபோல் ஆகவில்லை, ஆனால் இரு மடங்கு. அன்று ராத்திரி ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினேன். என் இருமல் சத்தம் கேட்காததால் மூச்சு இருக்கிறதா என்று அம்மா இரண்டு தடவை எழுந்து என் மூக்கில் கை வைத்துப் பார்த்தாராம்.

இப்போது "ஒரேயடியாக முடியும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். மாற்று வால்வில் இரண்டு வகை. மாட்டுத் திசுவிலோ பன்றி வால்விலோ செய்ததைப் போட்டால், பொதுவாக 10, 15 வருடம் ஓடும். ஆனால் வயது குறையக் குறைய அது சீக்கிரம் கெடும். 26-இல் போட்டால் 40-க்குள் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம், இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கஷ்டமானது. உலோக வால்வு அப்படித் தேயாது. ஆனால் அதில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை தினம் போட வேண்டும். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு, மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. வால்வு வேலை முடிந்தாலும் மாத்திரை வேலை அன்றுதான் தொடங்குகிறது.

உங்கள் வயதில் இதில் பெரிய சிக்கல் பிள்ளைப்பேறு. கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்துக்குள் வார்ஃபரின் குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். அதை நிறுத்தி, ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் ஹெப்பரின் ஊசிக்கு மாறினால், தாயின் உலோக வால்வில் கட்டி சேரும் ஆபத்து கூடுகிறது. சுருங்கிய வால்வை அப்படியே விட்டுவிட்டுக் கர்ப்பமாவதும் முடியாது. அந்தச் சமயத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி கூடும், இருதயமும் வேகமாகத் துடிக்கும், அவ்வளவு ரத்தமும் அந்தச் சின்னத் துவாரத்தில் புகுந்து போக வேண்டும், நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். எனக்குப் பலூன் வாங்கிக் கொடுத்தது இந்த இடைவெளியைத்தான். வார்ஃபரின் இல்லாமல், மூச்சு வாங்காமல், டாக்டர்களின் கண்காணிப்பில் ஒரு பையனைப் பெற்றேன். அவனுக்கு இப்போது எட்டு வயது.

வீட்டுப் பேச்சில் இன்னொன்றும் இருக்கும், நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். "பலூன்னா மார்ல தழும்பு இருக்காது, சொல்லாமலே கல்யாணத்தை முடிச்சுடலாம்" என்று என் மாமி அம்மாவிடம் கிசுகிசுத்தார். அந்த யோசனையை அன்றே வெட்டிவிட்டேன். பெண் பார்க்க வந்தவரிடம் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டித்தான் பேசினேன். கர்ப்பத்தில் மூச்சுத் திணறும்போதா மாமியாருக்கு முதல் முறையாக விளக்கம் சொல்வது?

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏமாந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ரவாங்கிலிருந்து வந்த ஒரு அக்கா, 31 வயது. வால்வு முழுக்கச் சுண்ணாம்பு, மேலறையில் கட்டி வேறு. பலூனுக்கு வழியே இல்லை. இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டதால் உலோக வால்வு என்று அவரும் தயங்காமல் சொல்லிவிட்டார். இன்றும் வாட்ஸ்அப்பில் பேசுவோம். ராத்திரி வீடு அடங்கினால் வால்வு டிக் டிக் என்று கேட்குமாம், முதல் வாரம் அவர் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் எங்கேயோ கிடக்கிறதென்று அலமாரியைக் குடைந்தாராம். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்குமாம். அதற்காகக் கீரையை விட்டுவிடச் சொல்லவில்லை, ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருக்கக்கூடாது, ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றார்கள். யாரோ கொடுத்த நாட்டு மருந்தைக் குடித்து ஐ.என்.ஆர். 6-க்கு ஏறி மூன்று நாள் அட்மிட் ஆனது மட்டும்தான் அவருடைய பெரிய கதை.

பலூனுக்குப் பிறகு விட்டது தொல்லை என்றும் நினைக்காதீர்கள். வருடா வருடம் எக்கோ. நாலு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பெனிசிலின் ஊசி, அன்றைக்கு எல்.ஆர்.டி. ரயிலில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவேன். மறுபடி அந்தக் காய்ச்சல் வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் இருக்கத்தான் இது. வால்வு கெட்டவர்களுக்கு 40 வயது வரையாவது போடச் சொல்கிறார்கள், சிலருக்கு அதற்கு மேலும். 2020-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு (எம்.சி.ஓ.) நேரத்தில் எனக்கு நாலு ஊசி தவறிப்போனது. அதனால்தான் சுருங்கியதா என்று கேட்டேன், டாக்டர் பதில் சொல்லாமல் அடுத்த தேதியை எழுதினார்.

இப்போது என் திறப்பு 1.3. இரண்டாவது பலூன் சிலருக்குச் செய்வார்கள், எனக்கு முடியாது. சுண்ணாம்பு படிந்து, கசிவும் நடுத்தரத்துக்கு வந்துவிட்டது. மாற்றுவதற்கு முன்னால், பழுதுபார்க்க முடியுமா என்று முதலில் கேட்கப் போகிறேன். கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதய மருத்துவமனையான ஐ.ஜே.என்.-இல் ருமாட்டிக் வால்வைப் பழுதுபார்ப்பதில் பல வருட அனுபவம் இருக்கிறது. நீங்களும் ஆபரேஷன் பக்கம் சாய்ந்தால் இந்த மூன்றாவது வழியை வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் சில இடங்களில் சொல்வதில்லை. முடியாதென்றால் உலோக வால்வுதான் போடுவேன். 25 வயதில் எந்த வார்ஃபரினுக்குப் பயந்து ஓடினேனோ அதேதான், ஆனால் இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இல்லாத 36 வயதில் அது ஒரு மாத்திரை, அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் மைட்ரல் வால்வுக்கு. இதைப் படிக்கிற யாருக்காவது, இருதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் இடத்தில் இருக்கும் அயோர்டிக் வால்வில் சுருக்கம் என்றால் கணக்கே வேறு. பிறவியிலேயே அந்த வால்வு ஒட்டியிருக்கும் சிறுவர்களுக்கும் இளையவர்களுக்கும் பலூன் சில வருடம் தள்ளிப்போட உதவும், சுண்ணாம்பு படிந்த பெரியவர்களுக்குச் சில மாதங்களிலேயே மறுபடி சுருங்கிவிடும். அங்கே இளையவர்களுக்கு, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் இருக்கும் தங்கள் சொந்த இருதய வால்வையே எடுத்து அயோர்டிக் இடத்தில் வைக்கும் ராஸ் ஆபரேஷன் என்ற ஒன்றும் 1967-இலிருந்து இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கேள்வி ஞானம்தான்.

பணத்துக்கு: நீங்கள் அரசாங்க வேலை என்றால், செலவை அரசாங்கம் ஏற்கும் உத்தரவாதக் கடிதம் பற்றி முதலில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு கிளினிக் வழியாகப் போங்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் 5 வெள்ளிதான் (ரிங்கிட்) ஆனது, காத்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் அண்ணனைப் போல் காரை விற்கக் கிளம்ப வேண்டாம் என்று உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் கையில் இருந்தால் திறப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர், 16-க்கு எத்தனை மார்க், கசிவு எந்த அளவு, கட்டி உண்டா இல்லையா என்பதைப் பார்த்து, பெயரை மறைத்து இங்கேயே போடுங்கள். தொண்டை எக்கோ இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை எடுக்கும் வரை வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெனிசிலின் ஊசி ஆரம்பித்துவிட்டார்களா?