ஒன்று பற்றவைத்தால் எல்லாம் போச்சா?

கேள்வி: 40 நாள் சிகரெட்டைத் தொடவில்லை. போன வாரம் ஒன்று பற்றவைத்தேன், அன்றைக்கே பாக்கெட் காலி. மனஉறுதி இல்லாத நான் திருந்தவே முடியாதா?

பதில்: முதல் சிகரெட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன நடந்தது? ‘சே, நான் உருப்படமாட்டேன்’ என்று உங்களையே திட்டியிருப்பீர்கள், அந்தக் குமைச்சலைத் தாங்க முடியாமல் கை மறுபடி பாக்கெட்டுக்குப் போயிருக்கும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்து சொன்னார்: ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவதில் அதன்பின் வரும் குற்ற உணர்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. இதே தவறை உங்கள் நண்பர் செய்திருந்தால் ‘சரி விடுடா, 40 நாள் இருந்தவன்தானே’ என்றுதானே சொல்வீர்கள்? அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த சிகரெட்டை வேண்டாம் என்று தள்ளவும் தெம்பு வேண்டுமே!

ஆசை கிளம்பினால் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். அதனோடு மல்லுக்கட்டாமல், நெஞ்சு எங்கே இறுகுகிறது, விரல் எதைத் தேடுகிறது என்று கவனித்துக்கொண்டிருங்கள்.

அப்புறம், குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.