1896 ஒலிம்பிக்கில் எட்வின் ஃபிளாக்கின் நேரங்கள் ஏன் இவ்வளவு மந்தம்?

ஆஸ்திரேலியரான ஃபிளாக் லண்டனில் கணக்காளராக வேலை பார்த்தவர். ஏதென்ஸில் 1500 மீட்டரை 4:33.2க்கும், இரண்டு நாள் கழித்து 800 மீட்டரை 2:11க்கும் ஓடி இரண்டிலும் முதலிடம். இன்று பள்ளி மாணவர்களே இதைவிட வேகம்தான். ஆனால் குறை ஓடுதளத்தில்: ஒரு சுற்று சுமார் 333 மீட்டர், நீண்டு ஒடுங்கிய வடிவம், இரு முனையிலும் கொண்டை ஊசி வளைவு. வேகத்தோடு திரும்பினால் வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்து மறுபடி பிடிக்க வேண்டும். போதாததற்குத் தரை வேறு பொலபொலவென்று இருந்தது. அப்போதைய திறமையே அவ்வளவுதான் என்று நினைத்துவிட வேண்டாம். 1895இலேயே அமெரிக்க ஓட்டக்காரர் சார்லஸ் கில்பாட்ரிக் 880 கெஜத்தை (சுமார் 805 மீட்டர்) 1:53.4இல் ஓடியிருந்தார்.

800 இறுதிக்கு மறுநாளே ஃபிளாக் மராத்தானிலும் இறங்கினார். அது அசட்டுத் துணிச்சல். முன்னணிக்கு வந்தும் சுமார் 37ஆவது கிலோமீட்டரில் சுருண்டு விழுந்தார்.